டயர் சொல்லும் சாட்சி



தாராவியில் என் அண்டை வீட்டில் வசிப்பவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஓர் அன்பர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். வாஷி மொத்தச் சந்தையிலிருந்து தேங்காயும் வாழையிலையும் ஏற்றிவரும் பிக்கப் வண்டியொன்றே அவருடைய சீவனம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், விடியற்காலை மழையில், அவ்வண்டியின் முன் டயர் வெடித்தது. வாங்கி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. உயிர்ச் சேதம் இல்லை. ஆயினும் இரண்டு புது டயர்கள், வண்டியை இழுத்துவந்த கூலி, வாடிப்போன இலைக்கட்டு என்று அம்மாத வருமானம் முழுவதும் கரைந்துவிட்டது. புனேயில் டயரை விற்ற கடைக்காரரோ, "காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்" என்று ஒரே வரியில் கைகழுவினார்.

இந்தப் பதிலை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. காற்றுக் குறைந்தால் டயரின் இரு ஓரங்களும் தேயும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் அலைன்மெண்ட் பிசகியிருக்கிறது என்று கொள்ளலாம். திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கவேண்டும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும் டயரைச் சூடாக்கிக் கெடுக்கும். இவற்றுக்கெல்லாம் டயர் செய்தவரைப் பழிப்பது நியாயமன்று. ஆனால் தரையில் பதியும் மேற்பட்டை உள்ளிருக்கும் கம்பி அடுக்கைவிட்டுப் பிரிந்துவருமானால், அது தயாரிப்புக் குறையாகவும் இருக்கலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் இக்காரணத்தால் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அங்கும் டயர்க்காரரும் வண்டிக்காரரும் காற்றழுத்தத்தைக் காட்டி ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர்.

"வெடித்த டயர் எங்கே, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பழைய டயர்க்காரரிடம் போட்டுவிட்டேன், தம்பி. 200 ரூபாய் கொடுத்தார்."

சாட்சியையே விற்றுவிட்டார்! நல்ல காலமாக, அதனுடன் வாங்கிய மற்றொரு முன் டயர் ஸ்டெப்னியாக வண்டியில் கிடந்தது. (வேல்ஸ் நாட்டிலுள்ள ஸ்டெப்னி என்னும் தெருவின் பெயர்தான் நம் ஊர்வரை வந்து நிலைத்துவிட்டது.) புரட்டிப் பார்த்தோம். பக்கச் சுவரில் எலுமிச்சை அளவு கொப்புளம். அருகே 1120 என்ற நான்கு இலக்கங்கள். 2020ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்தது என்பது அதன் பொருள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். நான்காண்டுச் சரக்கைப் புதியதென்று விற்றிருக்கிறார்கள்.

புனே சென்று வழக்காட இவருக்கு நேரமேது? அதற்கு அவசியமும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்யவேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பார் சொல்வதுண்டு. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவர் நுகர்வோரே என்று சட்டமே விளக்கியிருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அண்ணாச்சி அப்படித்தான் தொடங்கினார்.

மனு மாவட்ட ஆணையத்தில் ஏற்கப்பட்டது. பில்லும் புகைப்படங்களும் வக்கீலிடம் இருக்கின்றன. டயரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புமாறு கேட்டிருக்கிறார்கள். அதுவரை அது, சாக்கில் சுற்றப்பட்டு, அண்ணாச்சியின் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.