மாநகராட்சி ஆவணங்கள்: தேடலும் கேட்டலும்

(உள்ளாட்சி அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தில்லி மாநகரின் வடகிழக்கு ஓரத்தில், யமுனைக்கு அப்பால், சுந்தர் நக்ரி என்னும் மறுகுடியமர்வுப் பகுதி உள்ளது. 2002ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அங்கே ஒரு பொது விசாரணை நடைபெற்றது. மாநகராட்சி அப்பகுதியிலும் அருகிலுள்ள புது சீமாபுரியிலும் செய்து முடித்ததாகக் கூறிய 68 பணிகளின் ஒப்பந்தப் படிகள் மக்கள் முன்னிலையில் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. எந்தத் தெருவில் எத்தனை அடிபம்பு, எந்தச் சாக்கடைக்கு இரும்பு மூடி, எந்தச் சந்துக்குச் சிமெண்டுத் தளம் என்று ஏட்டில் இருந்ததை, அத்தெருவிலேயே குடியிருப்பவர்கள் கேட்டு, உண்டு என்றோ இல்லை என்றோ சொன்னார்கள். பணிகளின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் ரூபாய்; அதில் சுமார் 70 லட்சம் ரூபாய் பெறுமான பொருள்கள் இடத்தில் காணப்படவில்லை என்று விசாரணையை ஏற்பாடு செய்த 'பரிவர்த்தன்' அமைப்பு கணக்கிட்டது.

இதற்குத் தேவைப்பட்டவை புதிய ஆராய்ச்சிகள் அல்ல. மாநகராட்சி அலுவலக அலமாரியில் ஏற்கெனவே இருந்த தாள்களே போதுமானவையாக இருந்தன. 2001ஆம் ஆண்டின் தில்லித் தகவல் உரிமைச் சட்டம் அவற்றின் படிகளைப் பெற வழி செய்தது. நாடு முழுவதற்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கும் முன்பே, 1986இல், பூனா கன்டோன்மென்ட் பகுதியின் கட்டட அனுமதி ஆவணங்களைப் பார்வையிடச் சுற்றுச்சூழல் குழு ஒன்றுக்கு உள்ள உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

உரிமை இருந்தும் பலர் வெறுங்கையோடு திரும்புவது ஏன்? பெரும்பாலும், தேடும் தாளின் பெயர் தெரியாமையே காரணம். "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று எழுதுகிறவருக்கு, "இக்கேள்வி சட்டத்தின் வரையறைக்குள் வராது" என்ற ஒருவரிப் பதில் கிடைக்கும். அப்பதில் மனத்துக்குக் கசந்தாலும், சட்டப்படி முற்றிலும் தவறன்று. ஓர் அலுவலகத்தில் பதிவாகி இருப்பதைத்தான் சட்டம் தகவல் என்கிறது. இல்லாத தகவலைத் திரட்டியோ உருவாக்கியோ தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்சநீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆகவே கேட்பவர் காரணத்தைக் கேளாமல் காகிதத்தைக் கேட்பது நன்று.

ஒரு சாலைப் பணி எத்தனை காகிதங்களைப் பெற்றெடுக்கிறது என்று பார்ப்போருக்கு வியப்பே உண்டாகும். முதலில் மதிப்பீடு, அதற்கு நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும், பிறகு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, வந்த விலைகளின் ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, வேலை நடக்கும்போது அளவுப் புத்தகம், அதன்மேல் பட்டியல், பணம் வழங்கியதற்கான செலவுச் சீட்டு, கடைசியாக முடிவுச் சான்று. இவை ஒரே அறையில் இருப்பதும் இல்லை. மதிப்பீடு பொறியியல் பிரிவில் இருக்கும், செலவுச் சீட்டு கணக்குப் பிரிவில் இருக்கும், மன்றத்தின் தீர்மானம் செயலர் அலுவலகத்தில் இருக்கும்.

இவற்றுள் அளவுப் புத்தகத்துக்கு ஈடானது வேறில்லை. பக்கங்களுக்கு வரிசை எண் இடப்பட்ட ஏடு அது. இளநிலைப் பொறியாளர் இடத்துக்குச் சென்று நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து அதில் எழுதுவார். மேல்நிலைப் பொறியாளர் ஒரு பகுதியைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அந்தப் பதிவின் பேரில்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். தெருவில் நாடாவைப் பிடித்து அளக்கத் தெரிந்த எவரும் அந்தப் பக்கத்தைச் சோதித்துவிடலாம். பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் கூடச் சட்டம் இடமளிக்கிறது. இவ்விரண்டு உரிமைகளும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்றே தோன்றுகிறது. வட்டத்தின் எண், தெருவின் பெயர், நிதியாண்டு, ஆவணத்தின் பெயர் ஆகிய நான்கையும் குறித்து, "இப்பணியின் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணி ஆணை, இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட படிகள் வேண்டும்" என்று எழுதப்பட்ட விண்ணப்பத்துக்கு மழுப்பலான விடை தருவது எளிதன்று.

ஆவணத்தின் பெயரே தெரியாதவர் என்ன செய்வது? முதலில் பார்வையிடக் கேட்கலாம். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் 5 ரூபாய். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், படிக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மாநில அரசுகளின் விதிகள் இதில் வேறுபடும். மாநகராட்சிக்கு எவ்விதி பொருந்தும் என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். கோப்பைப் புரட்டிப் பார்த்து, வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டு படி கேட்பது கேட்பவருக்கும் செலவைக் குறைக்கும், எழுத்தருக்கும் உழைப்பைக் குறைக்கும்.

சில ஏடுகளுக்கு இந்த விண்ணப்பமே வேண்டியதில்லை. பிறப்பு இறப்புப் பதிவேடு அத்தகையது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி எவரும் உரிய கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் செய்து நகல் பெறலாம். இறப்புக்கான காரணம் மட்டும் நகலில் வெளியிடப்படாது. இங்கே தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைக்குப் பெயரிடும் முன்பே பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கத்தால், பெயரைக் கொண்டு தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. பிறந்த நாளையும் பெற்றோர் பெயரையும் கொண்டே தேட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதலாகப் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்குச் சான்றாக ஆக்கப்பட்டுள்ளமையால், அந்த ஒரு வரியின் மதிப்பு முன்னைவிடப் பன்மடங்கு கூடியிருக்கிறது.

பழைய செய்திகளைத் தேடும் மாணவர் நேரே நூலகத்துக்குச் செல்வது நலம். கல்கத்தா மாநகராட்சி 1924இலேயே தனக்கென ஓர் இதழைத் தொடங்கியது. அதன் தொகுதிகளில் கிடைக்கும் செய்திக்காக ஓர் எழுத்தரின் அரை நாளை வீணாக்குவானேன்?

அலுவலர் பக்கத்துத் தொல்லைகளும் மெய்யானவையே. தில்லி மாநகராட்சி 2012இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 2022 மே மாதத்தில் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. இத்தகைய மாறுதல்களில் ஆட்களும் மேசைகளும் இடம்பெயர்வதுபோல் கோப்புகளும் இடம்பெயர்கின்றன. எனினும், கோப்பு வேறோர் அலுவலகத்துக்கு உரியது என்றால் விண்ணப்பத்தை 5 நாள்களுக்குள் அங்கே மாற்றி அனுப்பும் கடமை பெற்றவருடையது. குடிமகனை வாசல் வாசலாக அலையவிடுவது முறையாகாது. "கோப்பு கிடைக்கவில்லை" என்பதும் முடிந்த விடையாகாது. ஒருகாலத்தில் அலுவலகத்தில் இருந்த ஆவணம் அகப்படவில்லையெனில் முழுமையாகத் தேட வேண்டும், தேவையானால் விசாரணை நடத்திப் பொறுப்பை நிலைநாட்ட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2013இல் கூறியது. எல்லா ஆவணங்களையும் அட்டவணைப்படுத்தி வைக்கும் கடமையைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு முதலிலேயே விதிக்கிறது. அட்டவணை சரியாக உள்ள அலுவலகத்தில் விண்ணப்பங்கள் சுமையாவதில்லை.

விடைக்கு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரம். காலம் கடந்தால் படிகளை இலவசமாகத் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மறுப்பு வந்தால் 30 நாள்களுக்குள் அவ்வலுவலகத்தின் மேல் அலுவலரிடமும், அங்கும் பயனின்றேல் 90 நாள்களுக்குள் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம்.

தனிநபர் பற்றிய விவரங்களைக் கேட்பதில் அண்மையில் ஒரு மாற்றம் வந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் எண்மமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைத் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவல் என்ற ஒரு சொல்லிலேயே இப்போது மறுப்புக்கு இடமுண்டு. தினக்கூலித் தொழிலாளர் வருகைப் பட்டியலையோ வீட்டு ஒதுக்கீடு பெற்றோர் பட்டியலையோ கேட்பவர் இதை எதிர்கொள்ளக்கூடும். பொதுநலன் மேலோங்குமாயின் தரலாம் என்னும் 8(2) பிரிவு மாறாமல் நிற்கிறது. ஆகவே, காரணம் கூற வேண்டியதில்லை என்று சட்டம் சொன்னாலும், இத்தகைய விண்ணப்பங்களில் பொதுநலன் எது என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுவது தக்கது. அவ்வரிகளைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர், பெரும்பாலும், மண்டல அலுவலகத்தில் வேறு பத்து வேலைகளுக்கிடையே இப்பொறுப்பையும் சுமக்கும் ஒருவராகவே இருப்பார்.