சொல்லும் தடையும்



சொல்லைப் போற்றும் இவ்வவையில், சொல்லே தடைக்கல்லான வேறோர் அவையின் வரலாறு எண்ணத்தக்கது. அமெரிக்க மேலவையாகிய செனட்டில் உறுப்பினர் ஒருவர் எவ்வளவு நேரமும் பேசலாம் என்பது பழைய மரபு. பேச்சு ஓயும்வரை வாக்கெடுப்பு இல்லை. ஆகவே ஒரு சட்டத்தை வீழ்த்தப் பெரும்பான்மை வேண்டுவதில்லை. நுரையீரல் வலிமை போதும். ஃபிலிபஸ்டர் என்பது இதற்குப் பெயர். 1935-இல் லூயிசியானாவின் ஹ்யூயி லாங் பதினைந்து மணி நேரத்திற்கும் மேலாகப் பேசியபோது, சிப்பி வறுக்கும் முறையையும் அவைக்கு விளக்கினார். 'அவையறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்த மரபினர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். கேட்பாரை நாடாத பேச்சு அது.

சிப்பிக் கதை நகைப்புக்குரியது. 1964-இல் நிகழ்ந்தது அத்தகையதன்று. உணவகத்திலும் விடுதியிலும் பணியிடத்திலும் கறுப்பின மக்களை ஒதுக்குவதைத் தடைசெய்யும் குடிமையுரிமைச் சட்டத்தைத் தென்மாநில உறுப்பினர்கள் அறுபது அவைநாட்கள் பேசியே நிறுத்திவைத்தனர். ஜனநாயகக் கட்சிக்கு நூற்றில் 67 இடங்கள் இருந்தன. பேச்சை முடித்துவைக்க வேண்டியிருந்ததும் 67 வாக்குகளே. கணக்கு சரிதான், ஆனால் அக்கட்சியினர் 23 பேர் எதிர்த்து நின்றனர். எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டிர்க்சன் உள்ளிட்ட குடியரசுக் கட்சியினர் 27 பேர் துணைநின்றதால்தான் ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்ற கணக்கில் தடை உடைந்தது.

அன்று காலைவரை ராபர்ட் பேர்ட் 14 மணி நேரம் பேசியிருந்தார். அதே அவைக்குக் கலிபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் வந்துசேர்ந்தார். மூளையில் வளர்ந்த கட்டி அவர் பேச்சைப் பறித்திருந்தது. பெயர் அழைக்கப்பட்டது, குரல் எழவில்லை. கையை மெல்ல உயர்த்தித் தம் கண்ணைச் சுட்டினார். ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் 'ஐ' என்ற சொல்லும், 'ஆம்' என வாக்களிக்கும் 'ஐ' என்ற சொல்லும் ஒலியால் ஒன்றே. அணியிலக்கணம் இதனைச் சிலேடை என்னும். அவை அதனை வாக்காக ஏற்றது. ஜூலை 2-இல் சட்டம் கையொப்பமாயிற்று. அம்மாத இறுதியில் எங்கிள் மறைந்தார்.

இன்றோ, தடுப்பவர் பேசவும் தேவையில்லை. 1970-களில் வந்த நடைமுறை மாற்றங்களால், தடுக்கும் எண்ணத்தை அறிவித்தாலே போதும். 60 வாக்கு சேராத சட்டங்களிற் பல ஓசையின்றிக் கிடந்து மடிகின்றன. அன்று பிளவு கட்சிகளுக்குள்ளேயே ஓடியது. ஆதலால் எதிர்வரிசையிலும் ஆள் சேர்க்க முடிந்தது. இன்று அது கட்சிகளுக்கு நடுவே மதிலாக நிற்கிறது. பெரும்பான்மையும் மெலிந்துவிட்டது. 2001-இல் வெர்மான்ட்டின் ஜிம் ஜெஃபர்ட்ஸ் ஒருவர் குடியரசுக் கட்சியை நீங்கியதும் தேர்தலின்றியே அவை கைமாறியது. பின்னர் 2003, 2007, 2015, 2021, 2025 என ஐந்து முறை மாறிவிட்டது. சிறுபான்மையில் அமரும்போது இம்மரபைக் காப்பு என்று போற்றியவர்கள், பெரும்பான்மை பெற்றதும் முட்டுக்கட்டை என்று பழித்ததுண்டு. இதில் இரு கட்சியினர்க்கும் வேற்றுமை அதிகமில்லை.

2025 மார்ச் இறுதியில் நியூ ஜெர்சியின் கோரி புக்கர் என்னும் கறுப்பின உறுப்பினர் 25 மணி 5 நிமிடம் நின்றபடியே பேசினார். அப்பேச்சு எந்தச் சட்டத்தையும் தடுக்க எழுந்ததன்று. அது கடந்த பழைய அளவு, 1957-இல் மற்றொரு குடிமையுரிமைச் சட்டத்தை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மாண்ட் பேசிய 24 மணி 18 நிமிடம்.