அக்டோபர்ப் புரட்சியும் நவம்பர் மாதமும்

"அக்டோபர்ப் புரட்சிக்கு நவம்பர் 7-இல் விழா எடுப்பானேன், ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். வகுப்பு நகைத்தது. நகைக்கத்தக்க வினாவன்று அது. இரு நூல்களில் இரு தேதி கண்டதும் ஒன்றைப் பிழையென்று அடித்துவிடுவோர் பலர்; இவன் காரணம் கேட்டான்.

ஜூலியஸ் சீசர் வகுத்த ஆண்டு 365¼ நாள். மெய்யான ஆண்டு அதனினும் சுமார் 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடந்தானே என்று எண்ணிவிடாதீர்கள்! 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். அதைத் திருத்தவே போப்பாண்டவர் 13-ஆம் கிரிகோரி, 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 ஆக்கினார். சமயப் பிணக்கால் இங்கிலாந்து 1752 வரை இணங்கவில்லை. ருஷ்யாவோ இன்னும் பிந்திற்று. 1917-இல் பெட்ரோகிராடில் அக்டோபர் 25 ஆன நாள், பாரிசில் நவம்பர் 7.

லெனின் அரசு 1918 ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 என்று அறிவித்தது. இடைப்பட்ட 13 தேதிகள் அவ்வாண்டு ருஷ்யருக்குக் கிடையவே கிடையா.