'வித்'தா, 'டு'வா? சம்மதம் சொல்ல முதல் கேட்கவேண்டிய சின்னச் சொல்

சிலர் கடிதங்களோடு வந்திருக்கிறீர்கள், அவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில், ஆங்கிலத்தில் 'ஓம்' சொல்லுறதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

ஒருவர் கதைக்கும்போது நாங்கள் இடைக்கிடை "ஓம், ஓம்" என்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். அதையே "யெஸ், யெஸ்" என்றால் இங்கே பிரித்தானியாவில் நீங்கள் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

'அக்ரீ' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கோ. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஆள், அதனால் வேற்றுமை உருபில்தான் தொடங்குவேன். "அவர் கருத்தோடு உடன்படுகிறேன்", "அவர் கோரிக்கைக்கு உடன்படுகிறேன்". 'ஓடு' வருகிற இடத்தில் 'வித்'. 'கு' வருகிற இடத்தில் 'டு'.

சட்டத்தரணி உங்கள் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி "டூ யூ அக்ரீ வித் திஸ்?" என்று கேட்டால், எழுதியிருப்பது எல்லாம் சரியா என்று கேட்கிறார். "டூ யூ அக்ரீ டு திஸ்?" என்றால் இப்படிச் செய்ய உங்களுக்குச் சம்மதமா என்று அர்த்தம். உதாரணமாக, உங்கள் மருத்துவப் பதிவுகளை டொக்டரிடம் எடுப்பதற்கு. முதல் கேள்விக்குச் சும்மா தலையாட்டாதேங்கோ. வாக்குமூலத்தில் ஒரு திகதி, பிறகு ஹோம் ஒஃபிஸ் நேர்முகத்தில் வேறு திகதி என்றால், உங்களை நம்ப மறுக்க அதையே ஒரு காரணமாகக் காட்டலாம். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே "ஐ டோன்ட் அக்ரீ வித் திஸ் டேட்" என்று நிறுத்துங்கோ. ("ஐ ஆம் அக்ரீ" என்று சொல்லுறது பிழை, "ஐ அக்ரீ" போதும்.) உண்மையில் இப்படியான விசயங்களைத் தமிழிலேயே கதைக்க வேணும். ஹோம் ஒஃபிஸ் நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை.

வெளியில் கேட்கிற பேச்சு வேறு. "ஐ ஆம் அப் ஃபோர் இட்" என்றால் விருப்பம், நானும் வாறன். இளம் பிள்ளைகள் "டவுன் ஃபோர் இட்" என்பார்கள். மேலே என்றாலும் கீழே என்றாலும் அதே பொருள்தான், ஏன் என்று என்னைக் கேட்காதேங்கோ! ஆனால் 'டு' வந்தால் மாறிவிடும். "இட்ஸ் அப் டு யூ" என்றால் உங்கள் விருப்பம். "இட்ஸ் டவுன் டு யூ" என்றால் பெரும்பாலும் அது உங்கள் பொறுப்பு.

"ஃபைன் வித் மீ", "ஃபைன் பை மீ" இரண்டும் ஒன்றுதான்: எனக்குச் சரி. ஆனால் தேத்தண்ணி வேணுமா என்று கேட்க "ஐ ஆம் ஃபைன்" என்று சொன்னீர்களோ, தேத்தண்ணி வராது. வேண்டாம் என்றுதான் விளங்கும். டொக்டரிடம் மரியாதைக்கு அப்படிச் சொன்னால், சுகமாக இருக்கிறேன் என்று பதிவாகக்கூடும்.

இன்னொன்று. யாராவது "ஆர் யூ அப் ஃபோர் சம் வேர்க்?" என்று கேட்டு, காசு கையில் தாறன் என்பார். வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை என்றால் "ஐ ஆம் நொட் அலவ்ட் டு வேர்க்" என்று சொல்லுங்கோ. இப்ப எல்லாரும் ஒருக்கால் சத்தமாகச் சொல்லிப் பார்ப்போம்.