ஆள் போகாத இடத்தில் ஒரு பவர் பட்டன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "உங்க வேலையைப் பத்தியே ஒரு கால் மணி நேரம் பேசுங்க, போதும்" என்றார். என் வேலை சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. வேடிக்கை என்னவென்றால், நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் முக்கால்வாசியை நான் கண்ணால் கண்டதே இல்லை. அவை அம்பத்தூரிலும் மும்பையிலும் இருக்கின்றன. நான் எங்கோ ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து, ப்ரௌசரில் அவற்றுக்கு நாடி பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம். மெஷின் மும்பையில் நின்றுவிட்டால்? விண்டோஸோ லினக்ஸோ உயிரோடு இருந்தால்தானே நெட்வொர்க் வழியாக உள்ளே போக முடியும்? இதற்காகத்தான் சர்வரின் மதர்போர்டிலேயே இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார்கள். பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர், சுருக்கமாக பி.எம்.சி. அதற்குத் தனி ப்ராசசர், தனி மெமரி, பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். சர்வரை அணைத்துவிட்டாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை இது விழித்திருக்கும். வீட்டுக்காரர் தூங்கிப்போனாலும் திண்ணையில் காவல்காரர் முழித்துக்கொண்டிருப்பது மாதிரி.

ஹெச்.பி. இதற்கு ஐ.எல்.ஓ. என்று பெயர் வைத்தது, டெல் ஐடிராக் என்றது. ஆளுக்கொரு பாஷை பேசினால் சரிவராது என்று இன்டெல், ஹெச்.பி., டெல், என்.ஈ.சி. நான்கும் சேர்ந்து 1998-இல் ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. 2015-இல் ரெட்ஃபிஷ் என்ற புதிய விதிமுறை வந்தது. பெயர்களை இப்போதே மனப்பாடம் பண்ண வேண்டாம், வேலைக்குப் போனால் தானாக வந்துவிடும்.

அந்தப் பக்கத்தில் என்னென்ன தெரியும்? ப்ராசசரின் சூடு, ஒவ்வொரு ஃபேனின் வேகம், வோல்டேஜ், இரண்டு பவர் சப்ளையில் எது செத்துவிட்டது என்பது வரை. சர்வரின் திரையையே இங்கே பார்க்கலாம், கீபோர்டையும் தட்டலாம். என் லேப்டாப்பில் இருக்கும் இன்ஸ்டலேஷன் டிஸ்க்கை அங்கே போட்டதுபோலக் காட்டலாம். ஆனால் கெட்டிக்காரப் பையன்கள்கூட முதலில் தேடுவது பவர் பட்டனைத்தான். நான் முதலில் திறப்பது ஈவென்ட் லாக். ஏன் என்று சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது நான் தஞ்சாவூர்ப் பக்கம் பெற்றோர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி ஒரு டேட்டாபேஸ் சர்வர் நின்றுவிட்டது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து, "ரீஸ்டார்ட் பண்ணிடுங்க, அவ்வளவுதான்" என்று ஒரே அவசரம். லாகைத் திறந்தால், மூன்று வாரமாக ஒரே மெமரி ஸ்லாட்டின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சர்வர் மெமரியில் ஒரு பிட் தப்பினால் அதுவே திருத்திக்கொண்டு, திருத்தினேன் என்று லாகில் எழுதி வைக்கும். இரண்டு பிட் சேர்ந்து தப்பினால் திருத்த முடியாது, மெஷினே நின்றுவிடும். அன்றைக்கு நடந்தது அதுதான். சும்மா ரீஸ்டார்ட் செய்திருந்தால் எழுந்திருக்கும். மறுபடி எப்போது விழும் என்று யார் கண்டது?

டேட்டா சென்டரில் இரவு டியூட்டியில் ஒரு தம்பி இருந்தார். ஒரே மாதிரி நாற்பது மெஷின், எதைக் கழற்றுவது? பி.எம்.சி. பக்கத்தில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் அந்த சர்வரின் முன்னாலும் பின்னாலும் நீல விளக்கு எரியும். "சார், நீல லைட் எரியுது, இதுதானே?" என்றார். "அதேதான் தம்பி. நான் இங்கிருந்து ஆஃப் பண்றேன், பின்னாடி ரெண்டு கேபிளையும் எடுத்துட்டு அப்புறம் திறங்க" என்றேன். அரை மணியில் வேலை முடிந்தது.

இன்னொரு விஷயம். லாகில் தேதி 1970 ஜனவரி 1 என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள், பி.எம்.சி.க்கு யாரும் கடிகாரம் வைக்கவில்லை என்று அர்த்தம். சில பழைய மாடல்களில் லாக் நிரம்பிவிட்டால் புதிதாக எதையும் எழுதாது. அப்படியொரு சர்வரில் லாக் அமைதியாக இருப்பதை நம்பி ஏமாறக் கூடாது.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். இவ்வளவும் எனக்கு முடியும் என்றால், பாஸ்வேர்டு கிடைத்த திருடனுக்கும் முடியும். விண்டோஸில் எத்தனை பூட்டுப் போட்டாலும் அவன் அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பான். ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பில் ஒரு விநோதம்: லாகின் முடிவதற்கு முன்பே, கேட்பவருக்கு பாஸ்வேர்டின் ஹாஷைக் கொடுத்துவிடும். விதிமுறையே அப்படி எழுதப்பட்டிருப்பதால் அதைத் திருத்த வழியில்லை. 2017-இல் ஐ.எல்.ஓ. நான்காம் பதிப்பில் கண்டுபிடித்த ஓட்டை இன்னும் வேடிக்கை. 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை 29 தடவை அனுப்பினால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே விட்டுவிடும்! அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால் பி.எம்.சி.க்கும் அப்டேட் போட வேண்டும் என்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆகவே இந்தப் போர்ட்டை இன்டர்நெட் பக்கம் காட்டவே கூடாது. தனி நெட்வொர்க்கில் வைத்து, வி.பி.என். வழியாக மட்டும்தான் போக வேண்டும்.

தனி என்றால் நிஜமாகவே தனி. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கும் வாட்ஸப்பும் சுமார் ஆறு மணி நேரம் படுத்தது நினைவிருக்கும். பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கமாண்ட் அவர்களது முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது. இதுமாதிரிச் சமயத்துக்கென்று வைத்திருந்த மாற்று வழியும் அன்று வேலை செய்யவில்லை. கடைசியில் இன்ஜினியர்களை டேட்டா சென்டர்களுக்கு நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே பாதுகாப்பு பலமாக இருந்ததால் உள்ளே போவதற்கே நேரமாகிவிட்டது.

2024 ஜூலை 19-இல் இதற்கு நேர்மாறு. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான ஃபைலால் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழித்தால் சரியாகிவிடும். பி.எம்.சி. வழி ஒழுங்காக வைத்திருந்தவர்கள் சர்வர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுப்பினார்கள். சாதாரண டெஸ்க்டாப்களுக்குத்தான் ஆள் ஒவ்வொரு மேஜையாகப் போக வேண்டியிருந்தது.

கேட்டால் மட்டும் போதாது என்பதால், வீட்டிலிருந்து ஒரு பழைய சர்வரைக் காரில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹார்டுவேர் லேபில் இருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு, நீங்கள் அடுத்த அறையில் உட்கார்ந்து அதை எழுப்ப வேண்டும். ஒரு ஃபேனை நான் முன்கூட்டியே கழற்றி வைத்திருப்பேன். அது எத்தனையாவது ஃபேன் என்று மூடியைத் திறக்காமல் சொல்ல வேண்டும். அந்த சர்வர் போடும் சத்தத்துக்குப் பேராசிரியர்கள் இப்போதே மன்னித்துக்கொள்ளுங்கள்.