வெடித்த முன்கண்ணாடி

சீனக்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் கந்தளாய் வீதி வழியே செல்கின்றன. அவற்றின் சில்லிற் பட்டுத் தெறிக்கும் சிறு கல்லொன்று போதும். பின்வரும் வாகனத்தின் முன்கண்ணாடி வெடித்துவிடும். "வாகனம் ஓடத்தானே செய்கிறது" என்று சாரதி அதனைப் பாராமல் விடுகிறார். நேயர்களே, அது தகுமா?

முன்கண்ணாடி காற்றைத் தடுப்பதற்கு மட்டும் அமைந்ததன்று. இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பெற்றது அது. பிரெஞ்சு நாட்டவரான எடுவார் பெனடிக்டஸ் 1909இல் இவ்வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். விபத்தில் அது நொறுங்கினும் எளிதிற் சிதறாது. உள்ளிருப்போர் வெளியே வீசப்படாமலும் காக்கும். வெடிப்பு விழுந்தால் அவ்வுறுதி குன்றும். வெயிலிற் சுட்ட கண்ணாடியின் உட்புறத்தில் குளிரூட்டியின் காற்றுப் பட்டால், விரலளவு வெடிப்பு முழமாக நீளவுங் கூடும்.

பார்வைக்கு நேருங் கேடு இதனினும் பெரிது. மாலையிற் கந்தளாய் நோக்கிச் செல்வோரின் முகத்துக்கு எதிரே சூரியன் நிற்கும். அவ்வொளி வெடிப்பிற் சிதறினால், வீதியைக் கடக்குஞ் சிறுவன் தெரியான். இரவில் எதிர்வரும் விளக்கொளி சிதறினால், ஹபரணைக் காட்டோரத்து யானையுந் தெரியாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், தகுதியற்ற வாகனத்தை வீதியிற் செலுத்த இடந்தருவதில்லை. வாகனம் ஓடுகிறதா என்பதன்று அதன் நோக்கம். பிறருக்கு இடரின்றி ஓடவேண்டும் என்பதே.

சாரதியின் பார்வைக்கு ஒதுங்கியுள்ள சிறு வடுவை உடனே பிசினிட்டு அடைக்கலாம். வெடிப்பு நீண்டாலும், சாரதியின் கண்ணெதிரே இருந்தாலும், கண்ணாடியை மாற்றுவதே முறை. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும், வீதியில் நடப்போரின் உயிரையும் அவர் தம்முடன் பணயமாக வைக்கிறார்.