வடபுலத்துப் பாடல்களில் தேவர்கள்

இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் யாம் பெரும்புலமை உடையோம் அல்லோம்; படித்துச் சுவைத்ததைப் பகிரவே வந்தோம்.

நார்வேயிலிருந்து கடல் கடந்து ஐசுலாந்தில் குடியேறியோரின் வழித்தோன்றல்கள், தம் பழம்பாடல்களை 1270-ஆம் ஆண்டளவில் தோற்சுவடி ஒன்றில் எழுதிவைத்தனர். இத்தொகுதியை ‘எட்டா’ என்பர்.

இப்பாடல்களில் தேவர்கள் குறையற்றவர் அல்லர். முதற்கடவுளாகிய ஓடின் அறிவு வேண்டித் தன் ஒரு கண்ணையே ஈந்தவன். இடித்தெய்வமாகிய தோர், களவுபோன தன் சம்மட்டியை மீட்க, மணமகள் கோலம் பூண்டு அரக்கன் மனை புகுகிறான். லோகி என்பானோ விருந்தவையிலேயே தேவர்தம் பழிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து எள்ளுகிறான்.

இஃது இறைப்பழிப்பு அன்றோ எனச் சிலர் வினவலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. இறுதிப் போரில் ஓநாய் தன்னை விழுங்கும் என்பதை ஓடின் முன்னரே அறிவான். தோரோ பெரும்பாம்பைக் கொன்று, ஒன்பது அடி நடந்து வீழ்வான். முடிவு தெரிந்தும் களம் புகுவதே அவர்தம் பெருமை. சாவில்லாதவனுக்குத் துணிவு எதற்கு? அழிவிற்குப்பின் பசும்புவி கடலினின்று மீண்டும் எழும் என்றும் பாடல் கூறுகிறது.

இவற்றை ஏட்டில் எழுதியோர் கிறித்துவர். தாம் வணங்காத தெய்வங்களின் பாடலையும் அவர்கள் அழியவிடவில்லை. 1662-இல் டென்மார்க்கு மன்னருக்கு அனுப்பப்பெற்ற அச்சுவடி, 1971-இல் கப்பலேறித் தாயகம் மீண்டபோது மக்கள் துறைமுகத்தில் திரண்டு வரவேற்றனர். ஊர் விட்டு வந்து வாழும் நாமும், நம் பாடல்களை நம் மக்கள் கையில் சேர்ப்போமாக.